பேச்சியம்மா மடித்து வைத்த படம்

மூன்று வாரத்துக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை. அடுப்பில் ரசம் நுரை கட்டுகிற நேரம் பார்த்து காலிங் பெல் அடித்தது.

கதவைத் திறந்தால் செல்வராணி. கையில் மஞ்சப்பை.

உங்களுக்கு செல்வராணியைத் தெரியாது. எனக்குப் பல வருடமாகத் தெரியும். அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்குக் கீழே தையல் மெஷின் போட்டிருக்கிறாள். என் ஜாக்கெட் அத்தனையும் அவள் தைத்ததுதான். என் எடை ஏறியதையும் இறங்கியதையும் (இறங்கியது என்பது பொய்) டாக்டருக்கு முன்னால் தெரிந்துகொள்கிறவள் அவள்தான். தினமும் எம்.ரெட்டியபட்டியிலிருந்து பஸ்ஸில் வந்து போகிறாள். நாற்பதைத் தாண்டிவிட்டாள். எந்த வெயிலிலும் காது இரண்டையும் மூடித்தான் தலை வாரியிருப்பாள். வேர்க்காதா என்று ஒருமுறை கேட்டேன்.

"காது ரெண்டும் வெடைச்சுக்கிட்டு நிக்கும்க்கா. பள்ளிக்கூடத்துல எல்லாரும் பிடி வச்ச சட்டின்னு கூப்புட்டே கொன்னுட்டாக" என்று சிரித்தாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

"என்ன, ஜாக்கெட் ரெடியா?" என்றேன்.

"ஜாக்கெட் இல்லக்கா. இது வேற."

பையிலிருந்து ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து டைனிங் டேபிளில் வைத்தாள். செங்கலை விடக் கொஞ்சம் பெரிசு. மேலே தோல் பிடி. முன்பக்கம் ஒரு வட்டக் கண்... அதற்கு மேலே இரண்டு குட்டிக் கண்கள்.

பழைய ரேடியோ என்று நினைத்தேன். பேப்பர் படித்துக்கொண்டிருந்த எங்கள் வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார்.

"பாக்ஸ் கேமரா!"

எங்கள் மகள் பிறந்தபோதுகூட அந்த முகத்தில் இவ்வளவு வெளிச்சம் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ரிட்டயர் ஆன நாளிலிருந்து இவருக்கு வீடியோ பார்ப்பதுதான் உத்தியோகம். சோலார் பேனல், தேனீ வளர்ப்பு, முதுகுவலிக்கு யோகா... ஒவ்வொன்றிலும் ஒரு வாரம் நிபுணராக இருப்பார். அந்த வாரம் பழைய கேமரா வாரமாகவா இருக்கவேண்டும்? இருந்தது.

"இதுல ஃபோகஸ் கிடையாது, ஸ்பீடு மாத்த முடியாது. லென்ஸும் ஒண்ணே ஒண்ணு. பத்தடிக்கு அந்தப் பக்கம் நின்னா எல்லாம் தெளிவா விழும்" என்று ஆரம்பித்தார்.

பெட்டியை வயிற்றோடு அணைத்துப் பிடித்துக் குனிந்து மேலே இருந்த சின்னக் கண்ணாடிக்குள் பார்த்தார். அப்படித்தான் பார்க்க வேண்டுமாம். கண்ணில் வைத்துப் பார்க்கிற கேமரா இல்லை. நிற்க வைத்து எடுக்க மேலே ஒரு கண்ணாடி, படுக்க வைத்து எடுக்கப் பக்கவாட்டில் ஒரு கண்ணாடி. எட்டிப் பார்த்தேன். தபால்தலை அளவுக்கு எங்கள் சமையலறை மங்கலாகத் தெரிந்தது. இடது வலதாக மாறியிருந்தது. ரசம் பொங்கி வழிவது மட்டும் சரியாகத் தெரிந்தது. ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன்.

திரும்பி வந்தபோதும் பிரசங்கம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கவாட்டில் ஒரு சின்ன விசை, அதைத் தட்டினால் 'டொக்' என்று ஒரு சத்தம். படம் எடுத்தாயிற்று, அவ்வளவுதான். பிறகு சாவி மாதிரி இருக்கிற திருகைச் சுற்றி ஃபிலிமை நகர்த்த வேண்டும். மறந்தால் படத்தின் மேலேயே படம் விழும். பெட்டி நம்மை எச்சரிக்காது. முதுகில் ஒரு சிவப்புக் கண்ணாடிச் சில்லு. அதற்குள் எத்தனையாவது படம் என்று நம்பர் தெரியும். ஒரு சுருளுக்கு எட்டே எட்டு படம்.

நம் போனில் நைட் மோடு, அழகு மோடு, நாய்க்கு மூக்கு வைக்கிற மோடு எல்லாம் இருக்கிறது. இந்தப் பெட்டிக்கு ஒரே மோடுதான். நல்ல வெயில் மோடு. அந்த விஷயத்தில் இது எங்கள் ஊருக்கென்றே செய்தது போலத்தான் இருக்கிறது.

செல்வராணி இத்தனையையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், இதுக்குள்ள படம் ஏதாச்சும் மிச்சம் இருக்குமா?" என்றாள்.

அவள் குரல் வேறு மாதிரி இருந்தது. உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தேன்.

விஷயம் இதுதான். சிறுகச் சிறுக ஒரு வீடு கட்டி முடித்திருக்கிறாள். அடுத்த வெள்ளிக்கு மறு வெள்ளி பால் காய்ச்சு. சாமி படத்துக்குப் பக்கத்தில் அவள் அப்பா படத்தை மாட்ட வேண்டும். ஆனால் அப்பா படம் என்று ஒன்று உலகத்திலேயே இல்லை.

"எங்கய்யா பேரு வேல்ச்சாமிக்கா. பந்தல்குடியில லாரி கிளீனரா இருந்தாக. தூத்துக்குடிக்குப் பருத்தி லோடு போற லாரி. அங்க யாரோ ஒரு மொதலாளி பிரியப்பட்டு இந்தப் பெட்டியக் குடுத்தாராம். எனக்கு ரெண்டு வயசு முடியல, மஞ்சக்காமாலையில போயிட்டாக. அவுக மொகம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதுக்கா."

"கல்யாண போட்டோ?"

"அதுல எங்கம்மா மட்டுந்தான் நிக்கிறா."

எனக்குப் புரியவில்லை.

"நீங்க பத்திரிகையில எழுதுறவுக. ஒங்களுக்குப் போட்டோக்காரவுகளைத் தெரியும்ல? உள்ள ஒரு படம் இருந்தாக்கூட கழுவிப் பாத்துரலாம்ல?"

பத்திரிகையில் எழுதுகிறவளுக்கு கலெக்டரிலிருந்து கேமராமேன் வரை எல்லாரையும் தெரியும் என்று ஊர் நம்புகிறது. உண்மை என்ன? இந்தப் பக்கத்தின் மூலையில் நீங்கள் வாராவாரம் பார்க்கிற என் படமே தலை நரைப்பதற்கு முன்னால் எடுத்தது. புதுப் படம் கேட்டு ஆபீஸிலிருந்து போன் வரும்போதெல்லாம் பேச்சை மாற்றிவிடுகிறேன். என்னைத் தேடி வீட்டுக்கு வருகிற வாசகர்கள், "எழுத்தாளர் இருக்காங்களாம்மா?" என்று என்னிடமே கேட்கிறார்கள்.

வீட்டுக்காரர் பெட்டியை ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பி, சிவப்புச் சில்லுக்குள் பார்த்தார். நம்பர் எதுவும் இல்லை. திருகைச் சுற்றினார். லூசாகச் சுற்றியது. பக்கத்துக் கொக்கியை விடுவித்து உள்ளே இருந்ததை மெல்ல வெளியே இழுத்தார். ஒரு வெறும் சுருள் கட்டை. அவ்வளவுதான்.

"ஒண்ணும் இல்லம்மா" என்றார் மெதுவாக.

செல்வராணி தலையாட்டினாள். பெட்டிக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தாள். அந்த இருட்டுக்குள் என்ன இருக்கும்? இருந்தாலும் பார்த்தாள்.

"பரவாயில்லக்கா. ஒரு ஸ்டுடியோவுல சொல்லிருக்காக. என் போட்டோவக் குடுத்தாப் போதுமாம். மீசை வச்சு, கிராப்பு வச்சு, ஏ.ஐ.யில எங்கய்யாவ உண்டாக்கிக் குடுத்துருவாகளாம். சரின்னு சொல்லிரலாம்னு இருக்கேன்."

"உன் மூஞ்சிக்கு மீசை வச்சா அது உங்க அப்பாவாடீ?" கோபம் வந்துவிட்டது எனக்கு.

"வெறுஞ்செவுத்துக்கு அது தேவலைல்லக்கா?"

அம்மாவிடம் கேட்டாயா, அப்பா எப்படி இருப்பார் என்று அவர் சொல்லியிருப்பாரே என்றேன்.

"அவுகளப் பத்தி எங்கம்மா வாயத் தொறக்காது. கேட்டா, ஆட்டுக்குத் தண்ணி வைக்கணும்னு எந்திரிச்சுப் போயிரும். ஆட்ட வித்து ரெண்டு வருசமாச்சு. இப்பவும் அதையேதான் சொல்லிட்டு எந்திரிச்சுப் போகுது."

சிரித்தோம், மூன்று பேருமே. பிறகு அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்க வந்து ஒரு வார்த்தை கேளுங்கக்கா. ஒங்ககிட்ட பேசுனாலும் பேசும்."

*

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு கிளம்பினோம். பஸ்ஸில் வீட்டுக்காரர் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, அது எடுக்கிற படத்தின் நீள அகலத்தைப் பக்கத்து சீட்டுக்காரருக்கு விளக்கிக்கொண்டே வந்தார். அந்த மனிதர் பாதி வழியில் தூங்கிவிட்டார். அல்லது தூங்குவதாக நடித்தார். ஜன்னலுக்கு வெளியே பருத்திச் செடிகள், வேலிக்கருவை, திரும்பவும் பருத்தி. வெயில் எங்களோடு பஸ்ஸுக்குள் உட்கார்ந்து வந்தது.

புது வீட்டில் பெயின்ட் வாசனை. அதை ஒட்டியே பழைய ஓட்டு வீடு. அங்கேதான் பேச்சியம்மா இருந்தார். செல்வராணியின் அம்மா. அறுபத்தைந்துக்கு மேல் இருக்கும். மெலிந்த உடம்பு. உட்காரவே தெரியாத ஆள் என்று பார்த்ததுமே தெரிந்தது. எங்களை உட்கார வைத்தார், ஃபேனைப் போட்டார், கலர் சோடா வாங்கி வரச் சொன்னார், துண்டை எடுத்து நாற்காலியைத் துடைத்தார். நான் அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். எழுந்து துடைக்கவிட்டு மறுபடியும் உட்கார்ந்தேன்.

சுவரில் இரண்டு படங்கள். உள்ளங்கை அகலம்கூட இல்லாத சின்னக் கறுப்பு வெள்ளைப் படங்கள், பெரிய மரச்சட்டத்துக்குள்.

முதல் படத்தில் கல்யாணப் பெண்ணாகப் பேச்சியம்மா. கழுத்தில் மாலை. கோயில் வாசலில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிறார். பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு இடம் இருக்கிறது. ஆள் இல்லை!

"மாப்பிள்ளை எங்கம்மா?" என்றேன்.

"அவுகதான எடுத்தாக" என்றார் பேச்சியம்மா.

"தாலி கட்டுன கையோடயா?"

"மாலையக்கூடக் கழட்டல."

கேமரா வைத்திருந்த ஒரே ஆள் மாப்பிள்ளை. வேறு யாரையாவது எடுக்கச் சொல்லியிருக்கலாமே? கூடாதாம். மாமியார் தடை என்றார் பேச்சியம்மா. அந்த அம்மாவுக்கு மூன்று பிள்ளைகளில் இரண்டு தவறிவிட, மிஞ்சியது வேல்ச்சாமி மட்டும். படம் பிடித்தால் ஆயுசு குறையும் என்று அந்தக் காலத்தில் ஒரு பயம் உண்டல்லவா... மகன் கேமராவோடு வீட்டுக்குள் நுழைந்த அன்றே சூடத்தை அணைத்துச் சத்தியம் வாங்கிவிட்டார். எந்த போட்டோவிலும் நிற்க மாட்டேன் என்று. அவரும் நிற்கவில்லை. கடைசி வரைக்கும் பெட்டிக்குப் பின்னால்தான் நின்றார்.

இரண்டாவது படம் செல்வராணி. ஒரு வயதுக் குழந்தை. முற்றத்தில் ஒரு சாக்கின் மேல் உட்கார்ந்து, முன்னால் சாய்ந்து, தரையில் எதையோ பிடிக்கக் கையை நீட்டிக்கொண்டிருக்கிறது. என்ன அது என்று தெரியவில்லை. விரல் நுனி சட்டத்துக்குள் போய் மறைந்துவிட்டது.

"எதைப் புடிக்கப் போறேன்னே தெரியாதுக்கா" என்றாள் செல்வராணி. "சின்னப் புள்ளையில கோழிக்குஞ்சுன்னு நெனச்சுக்குவேன். பெறகு கிலுகிலுப்பையா இருக்கும்னு நெனச்சேன். கேட்டா அம்மா சொல்லாது."

பேச்சியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தார்.

எங்கள் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? எழுந்துபோய் படத்தின் முன்னால் நின்று, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தார். விரலால் அளந்தார்.

"சதுரமா இருக்கே" என்றார்.

நான் கண்ணால் அடக்கிப் பார்த்தேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"இந்தப் பெட்டியில சதுரப் படம் வராதும்மா. நீளமாத்தான் வரும். ரெண்டு படத்துலயும் கீழ மூணுல ஒரு பங்கைக் காணோம். யாரு வெட்டுனது?"

பேச்சியம்மா சட்டென்று எழுந்தார்.

"ஆட்டுக்குத் தண்ணி வைக்கணும்..."

"ஆடு இல்லம்மா" என்றாள் செல்வராணி.

பேச்சியம்மா வாசல்படி வரை போய், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். எங்களைப் பார்க்காமல் தெருவைப் பார்த்துப் பேசினார்.

"வெட்டல தம்பி. மடிச்சிருக்கேன்."



"கல்யாணத்தன்னைக்கு நாந்தான் கேட்டேன். எனக்கு ஒரு படம் புடிச்சுத் தாங்கன்னு. புதுப்பொண்ணு வாயத் தொறந்து கேட்ட மொதச் சொல்லு அதுதான். படம் கழுவி வந்துச்சு. என் காலடியில அவுக நெழலு விழுந்திருக்கு. எங்க மாமியா பாத்துட்டு, ‘நிக்க மாட்டேன்னு சொல்லிட்டு நெழலக் குடுத்துட்டு வந்துட்டானே’ன்னு வஞ்சாக. அப்ப எல்லாரும் சிரிச்சோம். அவுகளும் சிரிச்சாக."

முந்தானை நுனியை விரலில் சுற்றினார்.

"அவுக போனப்பெறகு மாமியா அந்தப் படத்தக் கையில வச்சுக்கிட்டுத்தான் அழுதாக. மொதல்ல நெழலு போச்சு, பின்னாலயே ஆளும் போயிட்டான்னு. வந்தவுக எல்லாம் ஆமா ஆமான்னாக. நான் கேக்காம இருந்திருந்தா அவுக எடுத்திருக்க மாட்டாகல்ல? இவ படத்தையும் நாந்தான் எடுக்கச் சொன்னேன். அதுலயும் விழுந்திருக்கு. கிழிக்க மனசு வரல தாயி. பாக்கவும் மனசு வரல. அதான் மடிச்சுச் சட்டம் போட்டுட்டேன்."

ஒரு பெண் தனக்கு ஒரு போட்டோ வேண்டும் என்று கேட்கிறாள். அதற்காக நாற்பது வருடத்துக்கு மேல் தன்னையே குற்றவாளியாக நிறுத்தி வைத்துக்கொள்கிறாள். மகளிடம்கூடச் சொல்லவில்லை. மாமியார் மீது எனக்குக் கோபம் வந்தது. ஆனால் மூன்றாவது பிள்ளையையும் பறிகொடுத்தவளிடம் என்னவென்று கோபப்பட? ஆமா போட்டார்களே, அவர்கள் மேல்தான் மொத்தக் கோபமும் போய் விழுந்தது.

இப்போது இவர் லெக்சர் ஆரம்பிப்பார், அந்த அம்மா நொந்துபோவார் என்று எனக்குப் பயம். இவர் ஒன்றும் பேசவில்லை. பெட்டியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். வெயில் சாய்ந்திருந்தது.

"செல்வராணி, இப்படி வந்து நில்லும்மா" என்று சூரியனைப் பார்க்க நிற்க வைத்தார். தான் சூரியனுக்கு முதுகைக் காட்டி, பத்தடி தள்ளி, பெட்டியை வயிற்றில் வைத்துக்கொண்டு குனிந்தார். அவர் நிழல் நீண்டு போய் செல்வராணியின் காலடியைத் தொட்டது. தொப்பையோடு.

"பாருங்கம்மா. இந்தப் பெட்டிக்கு வெளிச்சம் நெறைய வேணும். சூரியன் எடுக்குறவன் முதுகுப் பக்கம் இருக்கணும். அப்பத்தான் எதிர்ல நிக்கிறவங்க முகம் தெளிவா விழும். காலையிலயும் சாயங்காலமும் யார் எடுத்தாலும் நெழல் விழுந்தே தீரும். உங்க முகம் நல்லா வரணும்னு அவர் சரியா எடுத்திருக்கார். அவ்வளவுதான்."

பேச்சியம்மா அந்த நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். நம்பினாரா, தெரியவில்லை. படித்தவன் சொல்கிறான் என்பதற்காக நாற்பது வருடப் பயம் ஓடிவிடுமா என்ன? மெல்ல எழுந்து வந்தார்.

"குடுங்க தம்பி."

பெட்டியை வாங்கினார். இவர் எதுவும் சொல்லித்தரவில்லை. ஆனால் அந்த அம்மா அதை வயிற்றோடு சேர்த்து, முழங்கையை இரண்டு பக்கமும் விரித்து, தலையைக் குனிந்த விதம்... எத்தனை தடவை எதிரே நின்று பார்த்திருந்தால் அந்த நிலை அப்படியே வரும்! அவருடைய நிழல் முற்றத்தில் நீண்டு விழுந்தது. ஒல்லியான ஒரு நிழல். முழங்கை இரண்டும் வெளியே தள்ளிக்கொண்டு. அதைப் பார்த்தார். பிறகு கண்ணாடிக்குள் பார்த்தார்.

"ராணி சின்னூண்டாத் தெரியுறா" என்றார்.

நெடுநேரம் பார்த்தார்.

"அவுக நம்மள இப்படித்தான் பாத்தாகளா?"

பெட்டியை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, முந்தானையை உதறிச் செருகினார்.

"ஒன் படத்தக் கழட்டு ராணி."

*

ஆணிகளைக் கழற்றியது இவர். அட்டையை எடுத்தது நான். மடித்த படத்தைப் பிரித்தது செல்வராணி. எங்களை அவள் தொடவிடவில்லை. பழைய காகிதம் விறைத்துப் போயிருந்தது. பட்டுத் துணியின் மடிப்பைப் பிரிப்பது போல நகத்தின் பின்புறத்தால் நீவி நீவி, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தாள். ஒடிந்துவிடுமோ என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ஒடியவில்லை. மடிப்பு இருந்த இடத்தில் மட்டும் வெள்ளையாக ஒரு கோடு, குழந்தையின் விரல்களுக்குக் குறுக்கே.

அந்தக் கோட்டுக்குக் கீழே வேல்ச்சாமி இருந்தார்.

தோள் இரண்டும் அகலமாக. பெட்டியைப் பிடித்த முழங்கைகள் வெளியே தள்ளியபடி. குனிந்த தலை. அந்தத் தலைக்கு இரண்டு பக்கமும், அச்சு அசலாக, விடைத்துக்கொண்டு நிற்கிற இரண்டு காது. குழந்தை கோழிக்குஞ்சைப் பிடிக்கவில்லை. கிலுகிலுப்பையையும் பிடிக்கவில்லை. தரையில் விழுந்திருந்த அப்பாவின் காதைப் பிடிக்கத்தான் கையை நீட்டியிருந்தது. ஒரு விரல் அதன் மேலேயே இருந்தது.

செல்வராணி படத்தைக் கீழே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் தலைமுடியைக் காதுக்குப் பின்னால் தள்ளினாள்.

"அம்மா... என் காது."

"ஆமா. அவுக காதுதான்."

"ஏம்மா சொல்லவே இல்ல?"

"காதச் சொன்னா மொகத்தக் கேப்ப." பேச்சியம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "மொகம் எனக்கு மங்கிப் போச்சு தாயி. எம்புட்டு நெனச்சுப் பாத்தாலும் முழுசா வர மாட்டேங்குது. அதை எப்படி ஒன்கிட்டச் சொல்றது? காது மட்டுந்தான் கண்ணு முன்னால இருந்துச்சு. அதையும் நீ மூடி மூடி வச்சுக்கிட்ட."

செல்வராணி அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். நாற்பது தாண்டியவள், சின்னக் குழந்தை மாதிரி. பேச்சியம்மா அவள் முடியை ஒதுக்கி ஒதுக்கி, அந்தக் காதைத் தடவிக்கொண்டே இருந்தார். நானும் அழுதேன். எங்கள் வீட்டுக்காரர் கேமராவைத் துடைப்பது போலத் திரும்பி நின்றார். அவர் எதைத் துடைத்தார் என்று எனக்குத் தெரியும்.

*

வெள்ளிக்கிழமை பால் காய்ச்சுக்குப் போயிருந்தோம். (அந்த வாரப் பத்தி ஏன் அவசரத்தில் எழுதியது போல இருந்தது என்று கேட்டிருந்த வாசகருக்கும் இதுதான் பதில்.)

செல்வராணி தலையைப் படிய வாரிப் பின்னல் போட்டு, மல்லிகைப் பூ வைத்திருந்தாள். காது இரண்டும் பளிச்சென்று வெளியே. புதுக் கம்மல் வேறு. எனக்கு முதலில் அடையாளமே தெரியவில்லை.

ஏ.ஐ. அப்பாவைச் செல்வராணி வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். சாமி படத்துக்குப் பக்கத்தில் இரண்டு படமும் முழு நீளத்தில் புதுச் சட்டத்துக்குள் இருந்தன. மடிப்புக் கோட்டைக் கம்ப்யூட்டரில் அழித்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னாராம். பேச்சியம்மா வேண்டாம் என்றுவிட்டார்.

படத்துக்குப் பொட்டு வைக்கிற நேரம். செல்வராணி சந்தனமும் குங்குமமுமாகக் குழந்தைப் படத்தின் முன்னால் நின்றாள். கை நின்றுவிட்டது. நிழலுக்கு நெற்றி எது?

உறவுக்காரர்கள் கூடிவிட்டார்கள். ஒருவர் மேலே என்றார். இன்னொருவர், குனிந்திருக்கிற தலை, அதனால் கீழே என்றார். எங்கள் வீட்டுக்காரர் சூரியன் இருந்த கோணத்தை விளக்க ஆரம்பித்தார்.

அடுப்படிப் பக்கம் ஓரமாக நின்றிருந்த பேச்சியம்மா வந்தார். மூக்குக்கண்ணாடி போடவில்லை. முகமே மங்கிப்போய்விட்டது என்று சொன்னவர்தான். யாரையும் எதுவும் கேட்கவில்லை. விரலைச் சந்தனத்தில் தொட்டார், குங்குமத்தில் தொட்டார்... இரண்டு காதுக்கும் நடுவே, கொஞ்சம் கீழே, ஒரே தொடலில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார்.

அந்தப் பொட்டு விழுந்ததும் அது நிழலாகத் தெரியவில்லை. குனிந்து மகளைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு மனிதனாகத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து என் போனைத் திறந்து பார்த்தேன். கோயில், குளம், மகள் கல்யாணம், பேரன் மொட்டை... ஆயிரக்கணக்கில் படங்கள். எங்கள் வீட்டுக்காரர் எதிலுமே இல்லை. அவர்தானே எடுக்கிறவர்! உங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருப்பார். இந்த வாரம் ஒருமுறை ஆல்பத்தைத் திறந்து பாருங்கள், யாரைக் காணோம் என்று.

மறுநாள் காலை மொட்டை மாடியில் துணி காயப்போட வந்த எங்கள் வீட்டுக்காரரை அப்படியே நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்தேன். சூரியன் என் முதுகுப் பக்கம். எடுத்து முடித்ததும் வாங்கிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு. என் வேட்டியில உன் நெழல் விழுந்திருக்கு பாரு. க்ராப் பண்ணிடட்டுமா?"

"அந்த நெழல் மேல கையை வச்சுத்தான் பாருங்களேன்!" என்றேன்.